இறுதி நாள் கதைகளும் கறுப்புக் குதிரைக்காரனின் தராசும்

(மந்தைவெளியில் தொழிலாளர் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் சில தோழர்கள் முகம் சுளித்தார்கள். கூலி உயர்வு, பஞ்சப்படி, குடிமனைப் பட்டா, ரேஷன் அரிசி என்று பேசுவதற்கு எத்தனையோ கிடக்க, உலகம் அழியப் போகிறது என்று அமெரிக்காவில் யாரோ எழுதிய நாவலைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நாவலின் சரக்கு நம் வாசற்படிக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் மாலையில் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்து தாய்மார்கள் கேட்கும் பேச்சுகளில் இது நிறையவே இருக்கிறது. 'இரகசிய வருகை', 'அந்திக்கிறிஸ்து', 'மிருகத்தின் முத்திரை' என்ற சொற்கள், ஒருநாளும் தேவாலயப் படி மிதியாத நம் தோழர்கள் வீட்டிலும் புழங்குகின்றன. லஸ் முனையில் நடைபாதைப் பழைய புத்தகக் குவியலைக் கிளறினால் அந்தத் தடித்த இங்கிலீஷ் நாவல்கள் கைக்கு வருகின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்து, தியாகராய நகர் ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை கால்கடுக்க நிற்கும் பெண்பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். கதை எழுதியவன் பெயர் அவர்களுக்குத் தெரியாது. கதை தெரியும்.

ஆகவே கதையிலிருந்தே தொடங்குவோம்.

'லெஃப்ட் பிஹைண்ட்' என்பது நாவலின் பெயர். விட்டுச் செல்லப்பட்டவர்கள் என்று பொருள் கொள்ளலாம். டிம் லஹே என்ற பாதிரியாரும் ஜெரி ஜென்கின்ஸ் என்ற எழுத்தாளரும் சேர்ந்து எழுதியது. 1995-ல் முதல் புத்தகம் வந்தது. 2007-க்குள் 16 புத்தகங்கள் வந்துவிட்டன. ஆறரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. இரண்டு தடவை சினிமாவாக எடுத்தார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டாகவும் செய்தார்கள். நம் நாட்டில் ஒரு நாவல் ஐயாயிரம் பிரதி விற்றால் ஆசிரியருக்கு மாலை போடுகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நடு இரவு. அட்லாண்டிக் கடலுக்கு மேலே லண்டனை நோக்கி ஒரு பெரிய விமானம் பறந்துகொண்டிருக்கிறது. பணிப்பெண் ஓடி வந்து விமானியிடம் சொல்கிறாள்: பயணிகளில் பல பேரைக் காணோம். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் உடுத்திய துணி இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, காலணி இருக்கிறது; ஆள் இல்லை. அதே நிமிஷத்தில் பூமியெங்கும் மெய்யான விசுவாசிகள் மறைந்துவிட்டார்கள். ஓட்டுநர் மறைந்த கார்கள் மோதிக்கொள்கின்றன. குழந்தைகள் ஒன்று மிச்சமில்லை. தாயின் வயிற்றில் இருந்த சிசு கூட இல்லை. இதைத்தான் இரகசிய வருகை என்கிறார்கள். விடப்பட்டவர்களுக்கு இனி ஏழு வருஷம் உபத்திரவ காலம். யுத்தம், பஞ்சம், கொள்ளை நோய், பூகம்பம் எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் கிறிஸ்து வந்து ஆயிரம் வருஷம் அரசாளுவார்.

தோழர்களே, கதை பிடிக்கும்படியாகத்தான் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் விமர்சனம் செய்யப் புகுவது வீண். வீட்டு வாடகை, கடன், நோய், மேஸ்திரியின் ஏச்சு இவற்றுக்கு நடுவே மூச்சுத் திணறுகிறவளுக்கு, ஒரு நொடியில் இவ்வளவும் கவிழ்ந்து போகும் என்ற செய்தி எவ்வளவு ஆறுதல்! உலகம் இப்படியே நீடிக்காது; இன்று மேலே இருப்பவன் நாளை கீழே கிடப்பான்; இறந்த குழந்தை எங்கோ பத்திரமாக இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் கதையை ஏழை ஏன் காது கொடுத்துக் கேட்கமாட்டாள்? 2021 வரையில் கடைச் சிப்பந்திகள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் கூட இல்லை. உட்காரக் கொடுத்து வைக்காதவளுக்கு உலகம் கவிழும் கதை இனிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கதைக்குள் யாரை வில்லனாக வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

வில்லன் பெயர் நிக்கோலே கார்பேத்தியா. ருமேனியாக்காரன், அதாவது பழைய சோஷலிஸ்ட் முகாமிலிருந்து வந்தவன். அவன் ஐ.நா. சபையின் தலைமைச் செயலாளனாகிறான். அவன் செய்கிற மகா பாதகம் என்ன? உலக நாடுகளெல்லாம் ஆயுதங்களில் பத்தில் ஒன்பது பங்கை அழித்துவிட வேண்டும், மிச்சத்தை ஐ.நா.விடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறான். சமாதான ஒப்பந்தம் செய்கிறான். இவன்தான் அந்திக்கிறிஸ்து! சமாதானம் பேசுகிறவன் சாத்தான். ஆயுதத்தைக் கீழே போடச் சொல்கிறவன் சாத்தான். நாடுகள் ஒன்று கூடி உட்கார்ந்து பேசுகிற இடம் சாத்தானின் சபை. கதையின் ஆரம்பத்திலேயே ரஷ்யா இஸ்ரேல் மீது படையெடுத்து, தெய்வச் செயலாக விமானங்களெல்லாம் விழுந்து நொறுங்குகின்றன. சோவியத் யூனியன் கலைந்து நாலு வருஷம் கழித்து எழுதியும் பழைய பகையை விடவில்லை.

இது தற்செயல் அன்று. டிம் லஹே, 1979-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'மாரல் மெஜாரிட்டி' என்ற வலதுசாரி அமைப்பின் முதல் நிர்வாகக் குழுவில் இருந்தவர். அவருக்கு முன்பே, 1970-ல், ஹால் லிண்ட்ஸி என்பவர் இதே சரக்கை நாவலாக அல்லாமல் ஜோசியமாக விற்றார். அந்தப் புத்தகம் அமெரிக்காவில் அந்தப் பத்தாண்டிலேயே அதிகம் விற்றவற்றில் ஒன்று. அதில் ரஷ்யா வடக்கிலிருந்து வரும் கோகு; ஐரோப்பியப் பொதுச் சந்தையோ பத்துக் கொம்பு மிருகம். பத்து நாடுகள் சேர்ந்தால் பத்துக் கொம்பு சரியாகிவிடும் என்று கணக்கு. 1981-ல் பத்தாயிற்று. 1986-ல் பன்னிரண்டாயிற்று. பிறகு 28 ஆகி, இங்கிலாந்து வெளியேறியதும் 27 ஆகிவிட்டது. இத்தனை கொம்பை எந்த மிருகம் சுமக்கும்? 1948-ல் இஸ்ரேல் உண்டானதிலிருந்து ஒரு தலைமுறைக்குள், நாற்பது வருஷத்துக்குள், எல்லாம் நடந்தேறும் என்பது போலவும் எழுதியிருந்தார். 1988 வந்தது, போயிற்று. புத்தகம் மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் முடியவில்லை. 2018 மே 14-ல் அமெரிக்கா தன் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றித் திறப்பு விழா நடத்தியது. அங்கே ஜெபம் செய்ய அழைக்கப்பட்டவர்கள் ராபர்ட் ஜெஃப்ரஸ், ஜான் ஹேகி என்ற இரண்டு பாதிரிமார்கள். இருவருமே இந்த இறுதி நாள் உபதேசத்துக்குப் பேர் போனவர்கள். அன்றைய தினம் காஸா வேலியருகே ஐம்பதுக்கு மேற்பட்ட பாலஸ்தீனர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் நடந்த படுகொலை நாம் எல்லோரும் அறிந்தது. யுத்தத்தை நாவல் உண்டாக்கிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. யுத்தத்தை உண்டாக்குவது எண்ணெயும் ஆயுத வியாபாரமும் ஏகாதிபத்திய ஆதிக்கமும். ஆனால் அந்த யுத்தத்துக்குக் கை தட்டவும் ஓட்டுப் போடவும் காணிக்கை அனுப்பவும் அமெரிக்காவின் சாமானிய ஜனங்களில் லட்சக்கணக்கானவர்களைப் பழக்கியதில் இந்தக் கதைகளுக்குப் பங்கு உண்டு. ஏனென்றால் யுத்தம் மூண்டால் அவர்கள் வருந்த வேண்டியதில்லை. தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது என்று மகிழலாம் அல்லவா?

இப்போது ஒரு கேள்வி எழும். இந்த விஷம் வேதாகமத்திலிருந்தே வருகிறதா? நம் கிறிஸ்தவத் தோழர்கள் மனம் நோகாமல் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மனம் நோகக்கூடாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை; உண்மையே வேறாக இருக்கிறது.

மூலப் புத்தகம் 'வெளிப்படுத்தின விசேஷம்'. கத்தோலிக்கர் 'திருவெளிப்பாடு' என்பார்கள். எங்கெல்ஸ் இதை ஆராய்ந்து 1883-லும் 1894-லும் கட்டுரைகள் எழுதினார். கம்யூனிஸ்டுகள் வேதாகமத்தைத் தொடமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும். ஆதிக் கிறிஸ்தவ இயக்கத்துக்கும் நவீனத் தொழிலாளி இயக்கத்துக்கும் ஒற்றுமைகள் உண்டு என்கிறார் அவர். இரண்டும் ஒடுக்கப்பட்டவர்களின் இயக்கங்கள், இரண்டும் வேட்டையாடப்பட்டவை. அடிமைத்தனத்திலிருந்து மீட்சி என்று இரண்டுமே சொன்னன. வேறுபாடு எங்கே என்றால், ஒன்று மீட்சியை மரணத்துக்கு அப்பால், பரலோகத்தில் வைத்தது. மற்றது இந்தப் பூமியில், சமுதாயத்தை மாற்றுவதில் வைக்கிறது.

அந்தப் புத்தகத்தில் வரும் 666 என்ற எண்ணையும் எங்கெல்ஸ் எடுத்துக்கொள்கிறார். எபிரேய பாஷையில் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. 'நேரோன் கேசர்' என்று எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது என்று பெர்லின் பேராசிரியர் ஒருவர் கண்டுபிடித்திருந்தார். ரோமானியரைப் போல 'நேரோ' என்று கடைசி எழுத்தை விட்டுக் கூட்டினால் 616. சில பழைய ஏட்டுப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது! கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்த ரோமாபுரிச் சக்கரவர்த்தியைப் பெயர் சொல்லித் திட்டினால் தலை போகும். ஆகவே எண்ணில் மறைத்துத் திட்டினார்கள். எங்கெல்ஸ் இந்தப் புத்தகத்தை 68-ஆம் ஆண்டை ஒட்டி வைக்கிறார். இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் 95 வாக்கில் என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அது ரோம ஏகாதிபத்தியத்தின் கீழ் நசுங்கியவர்களின் இரகசியப் பிரசுரம். நம் தோழர்கள் தலைமறைவுக் காலத்தில் புனைபெயரில் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

அதன் ஆறாம் அதிகாரத்தில் நாலு குதிரைகள் வருகின்றன. மூன்றாவது கறுப்புக் குதிரை. அதன் மேல் இருப்பவன் கையில் வாள் இல்லை, வில் இல்லை. தராசு இருக்கிறது! தராசைப் பிடித்தவன் வரும்போது விலைவாசி கூவப்படுகிறது: ஒரு நாள் கூலிக்கு ஒரு படி கோதுமை. அந்தப் படி ஒரு ஆள் ஒரு நாள் சாப்பிட மட்டும் காணும். உழைத்தவன் தின்றால் பெண்டாட்டி பிள்ளைக்கு இல்லை. அவர்களுக்கும் வேண்டுமானால் மட்டமான வாற்கோதுமை வாங்க வேண்டும். எண்ணெய்க்கும் திராட்சரசத்துக்கும் மட்டும் சேதம் கூடாது என்று கட்டளை. ஒலிவத் தோப்பும் திராட்சைத் தோட்டமும் யாருடையவை? பெரிய மிராசுகளுடையவை. பஞ்சத்திலும் அவன் சரக்குக்குக் குறைவு வராது. தஞ்சாவூர்க் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது மரக்கால் யார் கையில் இருந்தது என்று அறிந்த விவசாயத் தொழிலாளிக்கு இந்த வசனத்துக்கு வியாக்கியானம் தேவையில்லை.

பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோன் விழுகிறது. பாபிலோன் என்றால் ரோம். யார் அழுகிறார்கள்? வியாபாரிகள் தூரத்தில் நின்று அழுகிறார்கள். தங்கள் சரக்கை வாங்க இனி ஆளில்லையே என்று அழுகிறார்கள். சரக்குப் பட்டியலும் கொடுக்கப்பட்டிருக்கிறது. பொன்னில் தொடங்குகிறது, வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இரும்பு, மாவு, மாடு, ஆடு, குதிரை என்று இறங்கி, கடைசிச் சரக்காக மனிதரில், அடிமைகளில், முடிகிறது. இவ்வளவு கூர்மையான பட்டியலை எழுதியவன் சந்தையை அறிந்தவன்.

இந்தத் தராசும் இந்தச் சரக்குப் பட்டியலும் அமெரிக்க நாவலில் முதலிடம் பெறவில்லை. அங்கே விமானி இருக்கிறான், பத்திரிகைக்காரன் இருக்கிறான், பாதிரி இருக்கிறான். விமானத்தைச் செய்த தொழிலாளி எங்கே, கோதுமையை விளைவித்தவன் எங்கே என்று தேடிப் பார்த்தோம், கண்ணில் அகப்படவில்லை. ஏகாதிபத்தியத்தைத் திட்டிய புத்தகம், பதினெட்டு நூற்றாண்டு கழித்து ஏகாதிபத்தியத்தின் கையில் சிக்கி, அதற்கே காவல் நிற்கிறது.

இது நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இரகசிய வருகை என்ற வியாக்கியானத்தைப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. 1830-களில், இங்கிலாந்திலும் அயர்லாந்திலும். 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் அதை அடிக்குறிப்புகளாகப் போட்டு அமெரிக்கா முழுதும் கொண்டு சேர்த்தது. வேதம் எது, அடிக்குறிப்பு எது என்று பிரித்தறியாத வாசகர்கள் இரண்டையும் வேதமாகவே படித்தார்கள்.

நம் நாட்டுக்கு அந்த நாவல்கள் வருவதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பே இந்த எதிர்பார்ப்பு வந்துவிட்டது. டார்பியின் வட்டத்தைச் சேர்ந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-ல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு பழகிய திருநெல்வேலிக்காரர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் தெற்கே கிறிஸ்டியான்பேட்டை என்ற ஊரை நிறுவினார்; 1860-ல் அங்கிருந்து ஒரு பெரிய எழுப்புதல் கிளம்பிற்று. வெள்ளைக்கார மிஷன் சம்பளத்தை நம்பாமல் நாட்டு ஜனங்களே நடத்திய இயக்கம் அது என்பதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பிறகு 1870-களில் திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் ஜோசப் என்பவர், 1881-ல் கிறிஸ்து வருவார் என்று நாள் குறித்தார். ஜனங்கள் திரண்டார்கள். 1881 கடந்தது. புது யுகம் பிறந்துவிட்டது என்று சொல்லி யுயோமயம் என்ற சபை உண்டாயிற்று.

அந்த 1870-கள் எப்படிப்பட்ட காலம்? தாது வருஷப் பஞ்சம்! 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியும் தட்சிணமும் எரிந்த காலம். குறைந்த கணக்கிலேயே 50 லட்சத்துக்கு மேல் மாண்டார்கள். அப்போது வைஸ்ராய் லிட்டன் பிரபு சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை அனுப்பி வைத்தான், செலவைக் குறைக்க. அவர் வந்து நிவாரண வேலைக்குக் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் வெயிலில் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. இதில் உயிர் தரிக்காது என்று சென்னை அரசாங்கத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் என்பவரே எதிர்த்து எழுதினார். ஒன்றரை ராத்தலாவது வேண்டும் என்றார். டெம்பிள் கூலி என்றே அதற்குப் பேர் நிலைத்துவிட்டது. அதே பஞ்சத்தில் இந்தியாவிலிருந்து 3 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று.

கறுப்புக் குதிரைக்காரன் வானத்திலிருந்து இறங்கவில்லை, தோழர்களே. கல்கத்தாவிலிருந்து ரயிலும் கப்பலும் ஏறி வந்தான். அவனுக்குச் சம்பளமும் பட்டமும் இருந்தன.

அந்தக் கூலிக்கு வெட்டியது என்ன என்று பார்க்க நாம் தூரம் போக வேண்டியதில்லை. அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து மயிலாப்பூர் வழியாக ஓடுகிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அந்தத் துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பெயரை அதற்குச் சூட்டினார்கள். வெட்டியவர்கள் ஒருவர் பெயரும் கல்லில் இல்லை. இன்று அதன் மேலேதான் பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன. மந்தைவெளி நிலையத்தில் இறங்கி இங்கே வந்த தோழர்கள் அந்தக் கால்வாயைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். உலகம் முடிந்தது என்று ஒருவன் சொல்வானானால், அந்த இடத்தில் லட்சக்கணக்கான பேருக்கு அது உண்மையாகவே முடிந்தது.

அடையாற்றுக்கு வருவோம். வருகிறவரை எதிர்பார்க்கும் வழக்கம் ஏழைகளுக்கு மட்டும் உரியதல்ல. படித்தவர்கள், பிரபுக்கள், ஹைக்கோர்ட்டு வக்கீல்கள் கூடிய பிரம்மஞான சபை 1909-ல் அடையாற்றுக் கடற்கரையில் ஒரு சிறுவனைக் கண்டெடுத்தது. கிறிஸ்துவும் மைத்ரேயரும் ஒருவரே, அந்த உலக குரு இந்தப் பையனின் சரீரத்தில் வரப் போகிறார் என்றார்கள். 1911-ல் அதற்கென நட்சத்திரச் சங்கம் ஏற்பட்டது. சிறுவனின் தகப்பனார் பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று சென்னை ஹைக்கோர்ட்டில் வழக்குப் போட நேர்ந்தது. 1925 டிசம்பர் 28-ல் ஆலமரத்தடியில் ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசிக்கொண்டிருந்தபோது, வரப்போகிறவரைப் பற்றிய பேச்சு படர்க்கையிலிருந்து தன்மைக்கு மாறிற்று, கேட்டவர்கள் மெய்சிலிர்த்தார்கள். 1929 ஆகஸ்டு 3-ல் அந்தக் கிருஷ்ணமூர்த்தியே, ஹாலந்தில் ஓமன் என்ற ஊரில், சங்கத்தைக் கலைத்துவிட்டார். நான் யாருக்கும் குரு அல்ல என்று சொல்லித் தமக்குச் சேர்ந்த சொத்துகளையும் திருப்பிக் கொடுத்தார். நாள் குறித்த வேறு எவரும் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டதாக நாம் படித்ததில்லை.

ஆனால் அதே அடையாற்றிலிருந்து இன்னொரு மனிதர் வேறு திசையில் புறப்பட்டார். பி.பி. வாடியா. அவரும் பிரம்மஞானிதான். பெரம்பூர் பக்கிங்ஹாம்–கர்நாட்டிக் மில் தொழிலாளிகளின் கஷ்டத்தைச் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அவரிடம் கொண்டு வந்தார்கள். மதியச் சோற்றுக்கு விடும் அரை மணி போதவில்லை. ஓடிப் போய்ச் சாப்பிட்டு ஓடி வர முடியவில்லை. அதற்காகக் கூடியவர்கள் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார்கள். திரு.வி.க. அதில் முன்னணியில் நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சரித்திரம் அதைப் பதிந்திருக்கிறது. ஒரே தோட்டத்தில் உலக குருவுக்கும் காத்திருந்தார்கள். சோற்று நேரத்தைப் பத்து நிமிஷம் கூட்டும் காரியமும் அங்கிருந்து கிளம்பிற்று. மதத்தில் ஊறியவன் தொழிலாளிக்கு உதவமாட்டான் என்று நம்மில் யாராவது எண்ணினால் வாடியாவை நினைத்துக்கொள்ளட்டும்.

கிறிஸ்தவர்களை மட்டும் சொல்கிறோம் என்று யாரும் குறைப்பட வேண்டாம். 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப் போகிறது என்று இந்தியா முழுதும் யாகம் வளர்த்தார்கள். நெய்க்கடைக்காரனும் பஞ்சாங்கக்காரனும் பிழைத்தார்கள். 1979 ஜூலையில் 'ஸ்கைலாப்' தலையில் விழப் போகிறது என்று கிராமங்களில் ஆடு கோழியை அறுத்துத் தின்று தீர்த்தவர்கள் உண்டு. அது இந்துமாக் கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. பயத்துக்கு மதமில்லை. பயத்தை விற்பவனுக்கும் இல்லை.

பயம் பொய்யானதா என்றால், அப்படிச் சொல்லவும் மாட்டோம். மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது என்று பதின்மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. ஆதார் அட்டைதான் அந்த முத்திரை என்று மிசோரத்தில் சில கிறிஸ்தவர்கள் அதை மறுத்தார்கள். 2021-ல் கொரோனா ஊசியே முத்திரை என்று இங்கேயும் பேச்சு உலவிற்று. ஊசி போட வேண்டாம் என்பது உயிருக்கு உலை வைக்கும் உபதேசம். அதை எதிர்த்து நம் தோழர்கள் வீடு வீடாகப் பேசியது சரி. ஆனால் ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் கிழவியைப் பாருங்கள். நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் செங்கல் சுமந்தும் ரேகை தேய்ந்த விரல் அது. ஒரு எண்ணும் ஒரு மிஷினும் அவள் அரிசி வாங்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கின்றன. அவள் பயம் நியாயமானது. கதை அந்தப் பயத்தைப் பறித்துக்கொண்டு போய்ச் சாத்தான் விலாசத்தில் சேர்க்கிறது. வழங்கல் அதிகாரியின் விலாசத்தில் சேர்க்க வேண்டிய மனு அது.

கடைசியாக, நம் கண் முன்னே நடந்த இரண்டு இறுதி நாட்கள். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தது. சாந்தோம் கோவிலுக்குப் பின்னால் தோமையார் நட்டதாகச் சொல்லும் கம்பம் ஒன்று நிற்கிறது. கடல் அதைத் தாண்டாது என்பது ஐதீகம். அன்று கோவில் தப்பியதைக் கண்டு ஐதீகம் மெய்யாயிற்று என்று பல பேர் நம்பினார்கள். நம்பியவர்களை நாம் ஏசவில்லை. அதே கரையில் சற்றுத் தெற்கே, அடையாற்று முகத்துவாரத்தில், சீனிவாசபுரத்து மீனவர் குடிசைகள் அடித்துச் செல்லப்பட்டன. அங்கே கம்பம் இல்லை. கரையிலிருந்து தள்ளி நிற்கும் கெட்டி வீடும் இல்லை. முன்னெச்சரிக்கை சொல்லவும் யாரும் இல்லை. இந்துமாக் கடலுக்கென்று ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இந்தியாவில் 2007-ல்தான் ஏற்பட்டது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு பெருகிற்று. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் ஜாஃபர்கான்பேட்டையும் மூழ்கின. நோவா காலத்து ஜலப்பிரளயம் என்றார்கள். கலி முற்றிவிட்டது என்றார்கள். நூறு வருஷத்தில் காணாத மழை என்றது அரசாங்கம். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கையோ, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்துவிட்ட முறையை ஆராய்ந்து, மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று எழுதிற்று. அந்த அறிக்கையை எழுதியவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்லர், கணக்குப் பிள்ளைகள். கணக்குப் பிள்ளைக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா? வெள்ளம் வடிந்ததும் என்ன நடந்தது? ஆற்றங்கரையில் பங்களா கட்டியவன் அசையவில்லை. குடிசைக்காரர்களை ஆயிரக்கணக்கில் லாரியில் ஏற்றித் தெற்கே பெரும்பாக்கத்தில் கொண்டு போய் இறக்கினார்கள். வேலை இங்கே, வீடு அங்கே; பள்ளிக்கூடம் பாதியில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று அங்கே போய்க் கேளுங்கள். அவர்கள் வாயில் விட்டுச் செல்லப்பட்டவர்கள் என்ற சொல்லுக்கு அமெரிக்க நாவலில் இல்லாத பொருள் இருக்கிறது. அவர்களை விட்டுப் போனது யார் என்பதற்கு அரசாங்க உத்தரவு எண் உண்டு.

பெரும்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெபக்கூட்டங்கள் நடக்கின்றன. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அரிசி இல்லை என்று அங்கே வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் விசாரிக்கிறார்கள். கதைக்காக மட்டும் அவர்கள் போகவில்லை. விசாரிக்க ஆள் இருக்கிறது என்பதற்காகப் போகிறார்கள். நம் கிளைத் தோழர்கள் அங்கே மாதத்துக்கு எத்தனை முறை போகிறார்கள் என்று செயலாளர் தோழர் குறித்து வைத்தால் நல்லது.

ஒரு தோழர் எழுதிக் கேட்டிருக்கிறார்: தம் மகள் அந்த நாவல்களை விடாமல் படிக்கிறாள், பிடுங்கி வைக்கலாமா என்று. வேண்டாம். படிக்கட்டும். முதல் புத்தகத்தில் ஆயுதங்களை அழிக்கும் இடம் வரும்போது, இதில் தப்பு என்ன என்று அவளிடம் கேளுங்கள். பிறகு வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தையும் பதினெட்டாம் அதிகாரத்தையும் அவளையே வாசிக்கச் சொல்லி வீட்டில் எல்லோரும் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டு அதிகாரங்களையும் எங்கெல்ஸின் 1894 கட்டுரையையும் சேர்த்து வாசிப்பதாக இருக்கிறோம். வேதாகமம் வைத்திருக்கும் தோழர்கள் கையோடு கொண்டு வரவும். பழைய மொழிபெயர்ப்பு, புதிய மொழிபெயர்ப்பு இரண்டும் வேண்டும். ரேஷன் கடையில் விரல் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் குடும்ப அட்டையின் நகலையும் கொண்டு வந்தால் மனுவை அங்கேயே எழுதிவிடலாம்.